மதுரையில் வீடு வாங்கும் முன் கட்டடத்தைப் பார்த்துச் சொல்ல யாரைக் கூப்பிடுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடு வாங்குகிறவர்கள் பத்திரத்தை வக்கீலிடம் காட்டுகிறார்கள், ஜாதகத்தை ஜோசியரிடம் காட்டுகிறார்கள். கட்டடத்தை மட்டும் யாரிடமும் காட்டுவதில்லை. காட்ட நினைப்பவர்களுக்கும் யாரைக் கூப்பிடுவது என்று தெரிவதில்லை. மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் வீடு தேடுகிறவர்கள் இதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை.

வீட்டைப் பரிசோதிக்க என்றே தனியாக ஆள் இருக்கிறார்களா?

அமெரிக்காவில் பல மாநிலங்களில் இதற்கென்று உரிமம் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். நம் ஊரில் அப்படி ஓர் உரிமமே கிடையாது. ‘ஹோம் இன்ஸ்பெக்‌ஷன்’ என்று போர்டு மாட்ட யாரும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. பெரிய நகரங்களில் இதையே தொழிலாகச் செய்யும் நிறுவனங்கள் உண்டு. மதுரையில் நீங்கள் தேடப் போவது பெரும்பாலும் ஒரு சிவில் இன்ஜினியரைத்தான். கட்டடம் பழையதாகவோ, பின்னால் மாடி ஏற்றியதாகவோ இருந்தால், தூணும் தளமும் பாரம் தாங்குமா என்று கணக்குப் போடும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை.

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-ன்படி இன்ஜினியர், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் என்று தனித்தனி வகையாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். பிளான் போட்டுக் கையெழுத்திடவும் கட்டுமானத்தை மேற்பார்க்கவும் உள்ள பதிவு அது. வீடு பார்த்துச் சொல்லும் திறமைக்கு அது சான்று ஆகாது. ஆனாலும் பதிவு எண் இருக்கிறதா என்று கேளுங்கள். பெயர், முகவரி, கல்வித் தகுதி ஓர் அரசுப் பதிவேட்டில் இருக்கிற ஆள் என்பதாவது உறுதியாகும்.

வக்கீல் பார்த்துவிட்டார், பேங்க் வேல்யூவரும் வந்து போய்விட்டார். அதற்கு மேலும் ஒருவர் எதற்கு?

வக்கீல் பார்ப்பது மூலப்பத்திரம், வில்லங்கம், பட்டா. கூரை ஒழுகினாலும் அவருடைய கருத்துரை மாறப் போவதில்லை, மாறவும் கூடாது.

வேல்யூவர் விஷயத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். அவருக்கான கட்டணத்தை நீங்கள்தான் கட்டுகிறீர்கள், ஆனால் அவர் வேலை செய்வது பேங்குக்காக. நாளைக்குக் கடன் வராமல் போனால் இந்தச் சொத்தை விற்று எவ்வளவு எடுக்கலாம் என்பது ஒன்றே அவருக்கு முன்னால் இருக்கும் கேள்வி. மனையின் அளவு, பிளானுக்கும் கட்டடத்துக்கும் உள்ள பொருத்தம், பக்கத்து வீடுகள் போன விலை, கட்டடத்தின் வயது இவற்றைப் பார்ப்பார். மதுரையில் மனை விலை வீட்டு விலையில் பெரும்பங்கு என்பதால், மேலே நிற்கிற கட்டடம் சுமாராக இருந்தாலும் பேங்குக்கு நஷ்டம் வராது. பாத்ரூம் கசிவை அடுத்த 20 வருடம் அனுபவிக்கப் போவது நீங்கள். ‘பேங்கே லோன் கொடுத்துட்டாங்க, அப்புறம் என்னங்க?’ என்று புரோக்கர் சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

எங்கள் வீட்டைக் கட்டிய கொத்தனாரையே கூட்டிப்போனால் போதாதா?

பூச்சு தரமாக இருக்கிறதா, தளத்தில் தண்ணீர் எங்கே நிற்கும், டைல்ஸ் எங்கே தூக்கும் என்பதில் அனுபவமுள்ள கொத்தனாரின் கண் பல இன்ஜினியர்களின் கண்ணைவிடக் கூர்மை. கூட்டிப்போங்கள், தப்பில்லை. ஆனால் தூண் எவ்வளவு பாரம் தாங்கும், அஸ்திவாரம் இறங்குகிறதா என்பது அவர் தீர்ப்புச் சொல்லும் விஷயமல்ல. எழுதியும் தர மாட்டார். எதைக் காட்டினாலும் ‘அதெல்லாம் சரி பண்ணிரலாம்ணே’ என்பார். எவ்வளவு செலவில் என்பதுதானே நமக்குத் தெரிய வேண்டும்!

மச்சினன் இன்ஜினியர்தான். அவரே வந்து பார்க்கிறேன் என்கிறார்...

வேண்டாம். குறை சொல்லி வீடு கைவிட்டுப் போனால் உங்கள் வீட்டில் அவருக்குக் கெட்ட பெயர். சொல்லாமல் விட்டு ஒழுகினால் அதைவிடக் கெட்ட பெயர். காசு வாங்காமல் வருகிற ஆளிடம் ஏணி போட்டு ஓவர்ஹெட் டேங்க்குக்குப் பின்னால் ஏறிப் பாருங்கள் என்று சொல்லவும் வாய் வராது. வரப்போகும் அறிக்கையைப் படித்து விளக்கச் சொல்ல அவரை வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, நல்ல ஆளை எப்படித் தேடுவது?

யாரிடம் கேட்கக் கூடாது என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம். வீட்டைக் காட்டிய புரோக்கர், விற்பவர், அந்த பில்டர் ஆகிய மூன்று பேரும் சொல்லும் ஆள் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் வேண்டாம். கிரயம் முடிந்தால்தான் புரோக்கருக்குக் கமிஷன். அவர் மாதம் நாலு வேலை தருகிற இன்ஜினியர், அந்த வேலையைக் கெடுக்கும்படி எழுதுவாரா? நீங்கள் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் ஒரே காசு கிடைக்கிற ஆள்தான் உங்களுக்கு வேண்டும். மற்ற தகுதியெல்லாம் அதற்குப் பிறகு.

சமீபத்தில் வீடு வாங்கி, குடியேறி ஒரு மழைக்காலத்தைக் கடந்தவர்களிடம் விசாரியுங்கள். ‘அவர் சொல்லாத எதுவும் பிறகு வெளியே வந்ததா?’ என்று கேட்டால் பதிலிலேயே தெரிந்துவிடும். உங்கள் சொந்த வக்கீலுக்கு, கட்டட வழக்குகளில் ஆய்வு அறிக்கை கொடுக்கும் இன்ஜினியர்கள் பழக்கமாக இருக்கலாம். கோர்ட்டில் குறுக்கு விசாரணைக்கு நின்றவர் வார்த்தையை அளந்து எழுதுவார். திருப்பரங்குன்றத்தில் உள்ள தியாகராசர் பொறியியல் கல்லூரி போன்ற இடங்களின் சிவில் துறையில் விசாரித்தாலும், பழைய கட்டடங்களில் கைபட்டவர்கள் யார் என்று தெரியவரும்.

பில்டராகவும் இருக்கிற இன்ஜினியரிடம் கொஞ்சம் கவனமாக இருங்கள். இந்த ஊரில் பெரும்பாலோர் அப்படித்தான் என்பதால் ஒரேயடியாக ஒதுக்கிவிட முடியாது. ‘நீங்கள் காட்டும் பழுதுகளைச் சரிசெய்யும் வேலையை உங்களிடம் தரமாட்டேன், சம்மதமா?’ என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். சம்மதித்தால் பேச்சைத் தொடரலாம்.

போனில் என்ன பேசினால் ஆளை எடைபோடலாம்?

நீங்கள் கேட்பதைவிட அவர் கேட்பது முக்கியம். ‘சார், விளாங்குடில ஒரு வீடு பாத்திருக்கோம், வந்து பாத்துச் சொல்வீங்களா?’ என்கிறீர்கள். ‘வந்துரலாம் சார், லொக்கேஷன் அனுப்புங்க’ என்று மட்டும் சொல்பவர் ஒரு ரகம். ‘எத்தனை வருஷத்து வீடு? மாடி அப்பவே கட்டினதா, பிறகு ஏத்தினதா? போட்ட பிளான் கையில இருக்கா? இப்ப ஆள் குடியிருக்காங்களா?’ என்று அடுக்குபவர் இன்னொரு ரகம். இரண்டாமவரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பிறகு நீங்கள் கேளுங்கள். இதற்கு முன் எழுதிய அறிக்கை ஒன்றைப் பெயர், முகவரியை மறைத்துக் காட்ட முடியுமா? மொட்டைமாடி, தண்ணீர்த் தொட்டி, சன்ஷேடின் மேல்பக்கம், தரைக்கு அடியில் தண்ணீர் சேர்க்கும் சம்ப், செப்டிக் டேங்க் மூடி எல்லாம் பார்ப்பாரா? ஏணி அவருடையதா, நாம் ஏற்பாடு செய்ய வேண்டுமா? நாமும் கூடவே சுற்றலாமா? அவரே வருவாரா, சைட்டுக்குப் பையனை அனுப்பிவிட்டுக் கையெழுத்து மட்டும் போடுவாரா? கடைசிக் கேள்விக்கு வரும் தயக்கம் நிறையச் சொல்லும்.

நேரத்தையும் கேளுங்கள். 1,200 சதுர அடித் தனிவீட்டை அரை மணி நேரத்தில் பார்த்து முடிப்பவர் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம்.

ஊர் தெரிந்த ஆளாக இருக்க வேண்டுமா? சென்னையிலிருந்து நிறுவனத்தைக் கூப்பிடலாமா?

கூப்பிடலாம். அவர்களுடைய அறிக்கை நேர்த்தியாகவே இருக்கும். ஆனால் மதுரையில் வீட்டின் உடம்பை முக்கால்வாசி தீர்மானிப்பது அதன் அடியில் இருக்கும் மண். அது ஏரியாவுக்கு ஏரியா மாறுகிறது.

திருமங்கலம், கள்ளிக்குடி, பேரையூர்ப் பக்கம் கரிசல். மழையில் ஊறினால் உப்பும், வெயிலில் காய்ந்தால் சுருங்கிப் பிளக்கும். செம்மண்ணுக்குப் போடுவதுபோல் ஆழமில்லாத அஸ்திவாரம் போட்டுக் கட்டிய வீடு வருடத்துக்கு ஒருமுறை மேலும் கீழும் ஆடும். சித்திரையில் விரியும் கீறல் கார்த்திகையில் மூடிக்கொள்ளும். கரிசல் தெரிந்த இன்ஜினியர் முதலில் கேட்பது அஸ்திவார வகையை. அடியில் குமிழ் வைத்த அண்டர்-ரீம்டு பைல் போட்டிருக்கிறார்களா, அஸ்திவாரத்துக்கு மேல் தரைமட்டத்தில் சுவர்களைப் பிணைக்கும் பிளின்த் பீம் ஓடுகிறதா என்று விசாரிப்பார். ஒத்தக்கடை, மேலூர்ப் பக்கம் நிலைமை வேறு. அங்கே பல இடங்களில் கொஞ்சம் தோண்டினாலே பாறை தட்டும். அஸ்திவாரம் கெட்டி, ஆனால் போர் போடுவதும் செப்டிக் டேங்க்குக்குக் குழி எடுப்பதும் பெரும்பாடு.

நகருக்குள் வந்தால் கண்மாய்க் கதை. மாடக்குளம் கண்மாய்ப் பாசனத்தில் நெல் விளைந்த வயல்களெல்லாம் இன்று தெருக்கள். வயலில் மண்ணடித்து உயர்த்திய மனையில், நிரப்பிய மண் இறுகுவதற்கு முன் கட்டிய வீடு ஒரு மூலையாக இறங்கும். செல்லூர்க் கண்மாயிலிருந்து வைகைக்குப் போகும் பந்தல்குடி கால்வாய் ஓரம் 2024 அக்டோபர் மழையில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை ஊரே பார்த்தது. தெற்கே கிருதுமால் நதி ஓரமும் பார்த்து வாங்க வேண்டிய இடம். நல்ல இன்ஜினியர் உள்ளே நுழையும் முன் தெருவின் மட்டத்தையும் வாசற்படியின் மட்டத்தையும் பார்ப்பார். ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் தெரு உயர்கிறது, வீடு அப்படியே இருக்கிறது. பக்கத்து வீட்டுச் சுவரில் தண்ணீர் நின்ற கறை இருக்கிறதா என்றும் எட்டிப் பார்ப்பார்.

இதில் நீங்களே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. தமிழ்நாடு அரசின் இணையவழிச் சேவையில் ‘அ’ பதிவேட்டு விவரத்தை (எந்தச் சர்வே எண் எந்த வகை நிலம் என்று காட்டும் வருவாய்த் துறைப் பதிவு) எடுத்து, அந்தச் சர்வே எண் நஞ்சையா, புஞ்சையா, பக்கத்து எண் நீர்நிலைப் புறம்போக்கா என்று பாருங்கள். தாளை இன்ஜினியரிடம் கொடுங்கள். அதைக் கண்டு அவருடைய கேள்விகள் மாறினால் சரியான ஆள்.

விரிசலைக் காட்டினால் அவர் என்ன சொல்ல வேண்டும்?

ஆளின் தரம் தெரிவது இங்கேதான். எல்லா விரிசலுக்கும் ‘ஹேர்லைன்தான், ஒண்ணுமில்ல’ என்பவரும் வேண்டாம், எதைப் பார்த்தாலும் பயமுறுத்துபவரும் வேண்டாம். பிரித்துச் சொல்லத் தெரிய வேண்டும்.

பூச்சில் வலைபோலப் பரவிய மெல்லிய கீறல் பெரும்பாலும் தண்ணீர் ஊற்றி ஆறவைக்காததன் அடையாளம். அசிங்கம், ஆபத்தில்லை. மேல்மாடியில் கூரைத் தளத்துக்குச் சற்றுக் கீழே படுக்கைவாட்டில் ஓடும் விரிசல், வெயிலில் தளம் விரிந்து சுவரைத் தள்ளுவதால் வருவது. மதுரை வெயிலில் அது இல்லாத வீடு குறைவு. தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேர்க்கோடாக விழுவதும் பெரும்பாலும் இரண்டு பொருட்கள் இரண்டு விதமாக விரிவதால்தான். செங்கல் வரிசையைப் பின்பற்றிப் படிப்படியாகச் சாய்வாக ஏறி, ஒரு முனையில் அகலமாகவும் மறுமுனையில் ஒல்லியாகவும் இருக்கிற விரிசல் என்றால் உட்கார்ந்து பேச வேண்டும்: அஸ்திவாரம் இறங்கியிருக்கலாம். தளத்தின் அடிப்பக்கம் கம்பி ஓடும் திசையிலேயே நேர்க்கோடு விழுந்து, பழுப்புக் கறை தெரிந்து, தட்டினால் பொள்ளென்று சத்தம் வந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கிறது. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும்; காங்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வரும். அதன்மேல் பூசி பெயின்ட் அடிப்பது காய்ச்சல்காரனுக்குப் பவுடர் போடுகிற மாதிரி.

வீடு முழுக்கப் பழைய பெயின்ட், ஒரே ஒரு சுவர் மட்டும் புதுசு என்றால் அந்தச் சுவர் முன்னால் அவர் கூடுதல் நேரம் நிற்க வேண்டும்.

கருவிகள் வைத்திருக்கிறாரா என்று பார்க்க வேண்டுமா?

ஈரமானி, மட்டப்பலகை அல்லது லேசர், சாக்கெட் சோதிக்கும் கருவி, நல்ல டார்ச் இவை இருந்தால் போதும். காங்கிரீட்டின் உறுதியை உடைக்காமல் அறியும் ரீபவுண்ட் ஹேமர், அல்ட்ராசானிக் சோதனை எல்லாம் கண்ணால் பார்த்துச் சந்தேகம் வந்த பிறகு, தனிக் கட்டணத்தில் செய்வது. எடுத்த எடுப்பில் தெர்மல் கேமராவைக் காட்டி வியக்கவைக்கிறவர் ஏணியில் ஏறுகிறாரா என்று பாருங்கள்.

ஒயரிங்கை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் தனியாகக் காட்டுவது நல்லது. எர்த் சரியாக இருக்கிறதா, மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. மாட்டியிருக்கிறதா என்பதில் சிவில் இன்ஜினியரின் வார்த்தை கடைசி வார்த்தை அல்ல. போர்த் தண்ணீரைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுக்கலாம். இந்தியத் தரநிர்ணயப்படி கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 2,000 வரை.

மாசி வீதிகள் பக்கம் பழைய வீடு பார்க்கிறோம். அதே இன்ஜினியர் போதுமா?

பெரும்பாலும் போதாது. சுண்ணாம்புக் காரைச் சுவர், தேக்கு உத்திரம், அதன்மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் என்றிருக்கும் வீட்டைக் காங்கிரீட் மட்டுமே படித்தவர் பார்த்தால் ‘இடிச்சுட்டுக் கட்டுங்க’ என்பார். உத்திரம் சுவருக்குள் நுழையும் முனையைக் கத்தியால் குத்திப் பார்த்துக் கரையானையும் உளுத்ததையும் கண்டுபிடிப்பவர் வேண்டும். சுண்ணாம்புச் சுவர்மேல் சிமென்ட் பூசியிருந்தால் ஈரம் உள்ளேயே அடைந்துவிடும் என்பதை அவர் தானாகச் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர் இருந்தால், அதன்மேல் யாருக்கு என்ன உரிமை என்பது திரும்பவும் வக்கீல் வேலை.

இடித்துக் கட்டி மாடிகளாக ஏற்றலாம் என்ற கணக்கில் வாங்கினால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் கட்டடம் 9 மீட்டர் உயரத்துக்கு மேல் போகக் கூடாது. இதை உங்களிடம் சொல்லாமலேயே மூன்று மாடி எஸ்டிமேட் போடுகிற இன்ஜினியரை அங்கேயே வணங்கி அனுப்பிவிடலாம்.

எந்த மாதத்தில் பார்ப்பது நல்லது?

மார்கழி. பலர் அந்த மாதம் பத்திரம் பதிய மாட்டார்கள், அதனால் விற்பவருக்கும் அவசரம் இருக்காது. ஐப்பசி, கார்த்திகை மழை அப்போதுதான் ஓய்ந்திருக்கும். ஓதம் சுவரில் உண்மை பேசும் காலம் அது. பார்த்து, பேரம் பேசி, தை பிறந்ததும் கிரயம் முடிக்கலாம். பங்குனி வெயிலில் புது பெயின்ட் அடித்த வீட்டைப் பார்த்து மயங்குகிறவர்கள்தான் அதிகம். கோடையில்தான் பார்க்க முடியும் என்றால், மாடித் தட்டோட்டின் மேல் தண்ணீர் கட்டி ஒரு நாள் விட்டு அடியில் பார்க்க விற்பவரிடம் அனுமதி கேளுங்கள். பாத்ரூம் தளத்துக்கும் அதே சோதனைதான்.

புது ஃபிளாட்டுக்கும் இதெல்லாம் தேவையா?

தேவை. ரியல் எஸ்டேட் சட்டம், 2016-ன்படி, ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டமைப்பிலோ வேலைப்பாட்டிலோ வரும் குறையைச் சொன்னால், 30 நாட்களுக்குள் பில்டர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். ஒப்படைக்கும் நாளில் எடுத்த இன்ஜினியர் அறிக்கை கையில் இருந்தால், ‘நீங்க குடிவந்து பண்ணின வேலை இது’ என்று தட்டிக்கழிக்க முடியாது. 500 சதுர மீட்டருக்கு, அதாவது சுமார் 12 சென்ட்டுக்கு, மேற்படாத நிலத்திலோ எட்டு வீடுகளுக்கு மேற்படாமலோ கட்டுகிறவர்கள் இந்தச் சட்டத்தில் பதிவு செய்ய வேண்டியதில்லை. நம் ஊர்த் தெருக்களில் முளைக்கும் சின்ன ஃபிளாட்கள் பலவும் அந்த ரகம். அங்கே வாங்குவதற்கு முன்பே பார்த்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

எவ்வளவு கேட்பார்கள்?

ஆளுக்கு ஆள் மாறும், சில ஆயிரங்களிலிருந்து. முழுத் தொகை, அதில் அடங்குபவை, அறிக்கை தரும் நாள் மூன்றையும் வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிவிடுங்கள். வீட்டு விலையில் சதவீதம் கேட்பவர் வேண்டாம்; விலை கூடக் கூட அவருக்கு லாபம் என்றால் அவர் யார் பக்கம்? முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாகச் சொத்து மதிப்பில் 9 சதவீதம் கட்டுகிறோம். 60 லட்சத்துக்கு 5,40,000 ரூபாய். அதைக் கட்டத் தயாராக இருப்பவர் இன்ஜினியரிடம் ஐந்நூறு ரூபாய்க்கு மல்லுக்கட்டுவது வேடிக்கைதான்.

விற்பவர் ‘இன்ஜினியரெல்லாம் கூட்டிட்டு வராதீங்க’ என்கிறார். என்ன செய்வது?

கொஞ்சம் பக்குவமாகப் பேசிப் பாருங்கள். ‘அண்ணே, உங்க மேல நம்பிக்கை இல்லாம இல்ல, எங்க அப்பா திருப்திக்கு’ என்றால் பலர் இறங்கிவருவார்கள். அட்வான்ஸ் கொடுக்கும் முன் பார்ப்பதுதான் சரி. அதற்குள் வேறு ஆள் முந்திவிடுவார் என்ற பயம் இருந்தால் சிறிய டோக்கன் கொடுத்து, ஆய்வில் பெரிய குறை வந்தால் பணம் திரும்ப வரும் என்று கிரய ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்க வக்கீலிடம் சொல்லுங்கள். அந்த வரிக்கும் மறுப்பு, ஆய்வுக்கும் மறுப்பு என்றால் வேறு வீடு பாருங்கள்.

வாஸ்து பார்ப்பவரும் வருகிறார். இருவரையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். இன்ஜினியர் முதல் நாள், வாஸ்து மறுநாள். வாசலை மாற்ற, சுவரை இடிக்க வாஸ்துக்காரர் சொன்னால், எந்தச் சுவரைத் தொடக் கூடாது என்று இன்ஜினியரின் அறிக்கையில் இருக்க வேண்டும்.

அறிக்கை எப்படி இருந்தால் காசு வீணில்லை?

ஒவ்வொரு குறைக்கும் போட்டோ, எந்த அறையில் எந்தச் சுவர் என்ற குறிப்பு, உடனே செய்ய வேண்டியதா, பொறுத்துச் செய்யலாமா, தோராயமாக என்ன செலவு என்பது. பார்க்க முடியாமல் போன இடங்களும் எழுதப்பட்டிருக்க வேண்டும்: பூட்டிய அறை, பீரோ மறைத்த சுவர், திறக்காத சம்ப். அந்தப் பகுதி இல்லாத அறிக்கையை நான் நம்புவதில்லை. எல்லாவற்றையும் பார்த்தேன் என்று எந்த வீட்டிலும் யாராலும் சொல்ல முடியாது. கடைசியில் தேதி, கையெழுத்து, பதிவு எண். கட்டணத்துக்கு ரசீதும் வாங்குங்கள். கண்ணெதிரே இருந்த குறையைக் கவனிக்காமல் விட்டிருந்தால் நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடலாம், ரசீது இல்லாமல் அங்கே பேச்சு எடுபடாது.

அறிக்கை மோசமாக வந்தால் வீட்டை விட்டுவிட வேண்டுமா?

அஸ்திவாரம் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது என்றோ, தளக் கம்பி பரவலாகத் துருப்பிடித்தது என்றோ வந்தால் விட்டுவிடுவது நல்லது, மனை விலைக்கே கிடைத்தால் ஒழிய. மற்றபடி மாடித்தளக் கசிவு, பழைய ஒயரிங், பாத்ரூம் குழாய் எல்லாம் காசுக்கணக்கு. இன்ஜினியர் போட்ட செலவுத் தொகையைப் பக்கத்தோடு காட்டி விலையில் குறைக்கச் சொல்லுங்கள். ‘நானே சரி பண்ணித் தர்றேன்’ என்று விற்பவர் முன்வந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கைமாறப் போகும் வீட்டில் யாரும் நல்ல சிமென்ட் போடுவதில்லை. காசாகக் குறைத்துக்கொண்டு, வேலையை உங்கள் ஆளை வைத்துச் செய்யுங்கள்.